புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து 3 ஆண்டுகள்: வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா?

இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும் என்பதால், உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு 28 வயது. 24 வயதில் கழுத்தில் நெறிக்கட்டி வந்து, பயாப்ஸியில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து, ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கீமோ ஆறு சுற்றும் அதன்பின் நெஞ்சுக்கு ரேடியேஷனும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிகிச்சை முடிந்து 3 ஆண்டுகளாக நோய் இல்லை. இப்போது சவூதியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் என்ஜினீயர் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா, மெடிக்கலில் பழைய நோயைச் சொல்ல வேண்டுமா, பிற்காலத்தில் என்னென்ன தொல்லைகள் வரக்கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா போக வேண்டாம் என்று சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள்.

போகலாம். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஹாட்ஜ்கின் லிம்போமா திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும்; 5 ஆண்டுகளுக்குப் பிறகு வருவது அரிது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வகையில் கடினமான காலத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டீர்கள். ஆனால் சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து உடல்நலக் குறைவோடு திரும்பி வருபவர்கள் பலரிடம் பழைய நோய் இருப்பதில்லை; அந்த நோயைக் குணப்படுத்திய மருந்தும் கதிர்வீச்சும் உடம்பில் விட்டுச்சென்ற பாதிப்புதான் அப்போது வெளிப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு. அந்த வைத்தியம் தாமதமாவதற்கு முக்கியமான காரணம், பரிசோதிக்கிற மருத்துவருக்கு இந்த உடம்பில் எந்த மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியாமல் போவதுதான். உள்ளூரிலேயே இருந்தால் பழைய ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்துவிடலாம். கடல் தாண்டிப் போகிறவர் அந்த விவரத்தைத் தானே கையில் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பாதிப்புகள் எப்படித் தெரியவந்தன என்பதைச் சொன்னால், இணையத்தில் படித்துப் பயந்தது சற்றுக் குறையும். தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்த இந்த நோய், 1960கள் வரை பெரும்பாலோரின் உயிரைக் கொண்டுபோனது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி காப்லான் கழுத்து, அக்குள், நெஞ்சு ஆகியவற்றை ஒரே பரப்பாகச் சேர்த்துக் கதிர்வீச்சு கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அதே நாட்டில் வின்சென்ட் டிவிட்டாவின் குழு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நோயைக் குணப்படுத்திக் காட்டியது. 1970களில் மிலான் நகரில் ஜியான்னி பொனடோன்னா ஏபிவிடியைக் கொண்டுவந்தார். இப்படிக் குணமடைந்த இளைஞர்கள் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களிடம் மாரடைப்பும் மார்பகப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும் மற்றவர்களைவிட அதிகமாக வருவது தெரிந்தது. அன்று 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கு, மிகப் பெரிய பரப்பில் கொடுத்த கதிர்வீச்சு, இன்று நோய் இருந்த நெறிக்கட்டிகளை மட்டும் குறிவைத்து 20 அல்லது 30 கிரேயாகக் குறைந்திருப்பதற்கு அவர்களுடைய அனுபவமே காரணம். ஆரம்ப நிலையில் உள்ள, அபாயம் குறைந்த நோயாளிகளுக்கு இரண்டு சுற்று ஏபிவிடியும் 20 கிரேயும் போதும் என்று 2010-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு, இரண்டு சுற்றுக்குப் பின், நோய் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தால், ஏபிவிடியில் ஒரு மருந்தான ப்ளியோமைசினை நிறுத்திவிடலாம் என்று 2016-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஆகவே அந்தப் பழைய தலைமுறையின் கதைகள் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் அவை முற்றிலும் பொருந்தாதவை என்று ஒதுக்கவும் கூடாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏபிவிடியில் முதல் மருந்தான அட்ரியாமைசினை, அதன் நிறத்தை வைத்து, நோயாளிகள் சிவப்பு மருந்து என்பார்கள். வழக்கமான அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 25 மி.கி.; ஒரு சுற்றில் இரண்டு தடவை ஏறுவதால், ஆறு சுற்றுக்கு மொத்தம் சதுர மீட்டருக்கு 300 மி.கி. ஆகிறது. இந்த மருந்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியது. அது சிகிச்சையின்போதே வெளிப்படலாம், இருபது ஆண்டு கழித்தும் வெளிப்படலாம். இளவயதில் சிகிச்சை பெற்றவர்களுக்கான அமெரிக்க வழிகாட்டு நெறிகள், மொத்த அளவு 250-ஐத் தாண்டியவர்களை அதிக அபாயப் பிரிவில் வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுக்கச் சொல்கின்றன. மூச்சு வாங்குவதற்கும் கால் வீங்குவதற்கும் முன்பே, இதயத்தின் பம்பிங் குறைவது எக்கோவில் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் மாத்திரைகளைத் தொடங்கினால் நல்ல பலன் இருக்கும். அறிகுறி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வாய்ப்பைத்தான் இழக்கிறார்கள்.

ரேடியேஷன் இதயத்தைப் பாதிக்கும் விதம் வேறு. அது ரத்தக் குழாய்களில் அடைப்பையும் வால்வுகளில் தடிப்பையும் உரிய வயதுக்கு முன்பே கொண்டுவரக்கூடும். 38 வயதுக்காரர் ஒருவர் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று கிளினிக்குக்குப் போனால், சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, வயதும் இல்லை என்று பார்த்து, கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது எங்கும் நடக்கிறது. அந்த நேரத்தில் "எனக்கு நெஞ்சில் ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்கள்" என்ற ஒரே வாக்கியம் எல்லாவற்றையும் மாற்றும். இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் அப்போதே எடுப்பார்கள். அரபு நாட்டிலோ வேறெங்கோ, அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நெஞ்சில் கதிர்வீச்சு பெற்றவருக்குப் புகை தரும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் மற்றவர்களுக்கு உள்ளதைவிடப் பலமடங்கு. இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு குறிப்பு: இளவயதில் நெஞ்சில் கதிர்வீச்சு பெற்றிருந்தால், 25 வயது அல்லது சிகிச்சை முடிந்து 8 ஆண்டு, இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகத்துக்கு மேமோகிராமும் எம்ஆர்ஐயும் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவுற்றால் இதயத்துக்கும் எக்கோ எடுக்க வேண்டும் என்பதை மகப்பேறு மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டுங்கள்.

ப்ளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கும் மருந்து. அதைப் பெற்றவர்களுக்கு அறுவை சிகிச்சையின்போது தேவைக்கு மீறிய ஆக்ஸிஜனை நீண்ட நேரம் கொடுப்பது நுரையீரலுக்குக் கேடாகலாம் என்பதால், சாதாரணக் குடல்வால் ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து நிபுணரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செங்கடலில் ஸ்கூபா டைவிங் போக நண்பர்கள் அழைப்பார்கள். நுரையீரல் பரிசோதனை செய்து மருத்துவர் அனுமதிக்காமல் போகாதீர்கள். பிரிட்டனில் பின்பற்றப்படும் இன்னொரு விதியும் உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமா வந்தவருக்கு எப்போது ரத்தம் ஏற்ற நேர்ந்தாலும், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தத்தையே ஏற்ற வேண்டும் என்கிறார்கள். விபத்தில் நினைவிழந்தால் இவற்றையெல்லாம் நீங்கள் சொல்ல முடியாது. எனவே பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால், ஆங்கிலத்திலும் அரபியிலும் நான்கு வரி எழுதிய சிறு அட்டை இருக்கட்டும்.

தைராய்டு சுரப்பு குறைவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கழுத்திலும் மேல்நெஞ்சிலும் ரேடியேஷன் பெற்றவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பின்விளைவு இதுதான். வெளிநாட்டில் மிக எளிதாகத் தவறவிடப்படுவதும் இதுதான். குவைத்தில் கணக்காளராக வேலை செய்த ஒருவர் விடுமுறையில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலிருந்தே அவருக்குச் சோர்வு. நான்கு பேர் தங்கும் அறையில் மற்ற மூவரும் ஏசியைக் கூட்டச் சொல்வார்கள், இவர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். எடை கூடியது, மலச்சிக்கல் வந்தது, குரல் தடித்தது, வேலையில் கவனம் குறைந்தது. ஊர் ஞாபகம் என்று அறையில் உள்ளவர்கள் சொன்னார்கள், அவரும் அப்படியே நம்பினார். அங்கே பார்த்த மருத்துவர் வைட்டமின் கொடுத்தார், பிறகு மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். பழைய ரேடியேஷனைப் பற்றி அவரும் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. வீட்டிலோ புற்றுநோய் திரும்பிவிட்டது என்று பயந்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். தைராய்டுக் குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றே காரணத்தைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, சில மாதங்களில் அவர் பழைய ஆளாகிவிட்டார். ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இப்படிப்பட்டவர்களே காரணம்.

இனி, கையில் இருக்க வேண்டிய காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் "ஏபிவிடி ஆறு சுற்று முடிந்தது" என்று ஒரு வரிதான் இருக்கும்; அது போதாது. சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு நேரில் போய், சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், நிலை, பயாப்ஸி முடிவு, ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, தொடங்கிய தேதியும் முடித்த தேதியும், கதிர்வீச்சு எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே, கடைசி பெட் ஸ்கேன் அறிக்கை, இனி எந்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கேட்டால் தருவார்களா என்று தயங்க வேண்டாம். உங்களைப் பற்றிய மருத்துவ ஆவணத்தைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1991-இலிருந்து, குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. தனிப்பிரிவு இல்லாத இடத்திலும், புறநோயாளிப் பிரிவில் கூட்டம் குறைவான நேரத்தில் போனால், உங்களைப் பார்த்த மருத்துவரே உட்கார்ந்து எழுதித் தருவார். ஸ்கேன் படங்களின் டிஜிட்டல் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்கள் முதலில் தேவைப்படப்போவது மெடிக்கலில்தான். ரேடியேஷன் பெற்றவரின் நெஞ்சு எக்ஸ்ரேயில், நடுநெஞ்சை ஒட்டி இரு பக்கமும் தழும்பு போன்ற நிழல் தெரியலாம். அதன் ஓரம் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக இருக்கும், ஏனென்றால் அது கதிர் பாய்ந்த பரப்பின் எல்லை. விவரம் தெரியாமல் பார்ப்பவர் அதைப் பழைய காசநோய்த் தழும்பு என்று எழுதிவிடக்கூடும், வளைகுடா வேலைக்கு அது அன்ஃபிட் ஆக்கப் போதுமான காரணம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கதிர்வீச்சு விவரத்தையும் கையோடு வைத்துக் காட்டினால் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கலாம்.

பழைய நோயைச் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். காம்கா மெடிக்கல் என்று நம் ஊரில் வழங்கும் வளைகுடா நாடுகளின் கூட்டுப் பரிசோதனை விதிகளில், தகுதியின்மைக்கான காரணங்களின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. நோய் குணமாகி ஆண்டுகள் ஆன ஒருவரை அந்த மையம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை நான் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது. ஆனால் படிவத்தில் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். பொய் எழுதிப் போனவர் அங்கே ஒரு தடவை உடம்பு சரியில்லாமல் போனாலும், காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். அதைவிட மோசமாக, மருத்துவரிடமும் உண்மையைச் சொல்லப் பயப்பட ஆரம்பித்துவிடுவார். உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமிருந்து, நோய் இல்லை, இந்த வேலைக்குத் தகுதியானவர் என்ற கடிதத்தைப் பெற்று, நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசுங்கள். முடிவு தெரியும் முன் இங்கே உள்ள வேலையை விட்டுவிடாதீர்கள். மெடிக்கலை நான் சரிசெய்து தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டிடமிருந்து விலகிவிடுங்கள்.

சவூதி கைகூடவில்லை என்றால் மற்ற நாடுகளையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஏற்பாடு வேறு. துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுவனம் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2025 ஜனவரி முதல் அது ஐக்கிய அரபு அமீரகம் முழுவதற்கும் வந்துவிட்டது. ஆனால் அடிப்படைத் திட்டங்களில் முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம், அதை எழுத்தில் கேளுங்கள். நரம்பு வலிக்கு ப்ரீகாபலினோ வலிக்கு டிராமடாலோ சாப்பிடுபவர்கள், அங்கே அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் என்பதால், முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு நிறுவனம் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் விதி. எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே சம்பளத்தைப் பேசும்போதே இதையும் பேசிக்கொள்ள வேண்டும். என் பார்வையில், சிகிச்சை முடிந்தவர்களுக்கு மிகப் பாதுகாப்பான இடங்களில் ஒன்று பிரிட்டன். விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டால், பழைய நோய், புதிய நோய் என்ற பேதமில்லாமல் அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள். செவிலியர் போன்றோர் சுகாதாரப் பணி விசாவில் போனால் அந்தக் கட்டணமும் இல்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் புற்றுநோய் வந்தவரை, குணமானபின்பும், வேலையில் காட்டப்படும் பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கிறது.

எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தியாவில் ஒரு மருத்துவக் காப்பீட்டை இப்போதே, நோயை மறைக்காமல் எழுதி, தொடங்கி வையுங்கள். எல்லா நிறுவனமும் தராது. தருகிற நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டும். 2024-இல் வந்த விதிமாற்றத்தின்படி, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 3 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 60 மாதம் இடைவிடாமல் கட்டிவந்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, விவரம் சொல்லவில்லை என்று க்ளெய்மை மறுக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் ஆண்டுகளில் பயன்படாத பாலிசி எதற்கு என்று நடுவில் நிறுத்திவிடுபவர்கள், தேவைப்படும் நேரத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வேலை அலுவலகத்திலா சைட்டிலா என்று நீங்கள் எழுதவில்லை. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அப்படியிருந்தும் அந்த வெப்பம் இதயத்துக்குப் பெரிய சுமை. எக்கோவில் பம்பிங் நன்றாக இருந்தால் சைட் வேலைக்குத் தடையில்லை; சற்றே குறைந்திருந்தாலும் உள்வேலை கேட்டு வாங்குங்கள். மாடிப்படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சுவாங்கல் வந்தால், வெயில் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கீமோ நாட்களில் வாளியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். தானே நெஞ்சில் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் 1985-இல், குணமாவது என்பது ஒரே நாளில் நடப்பதில்லை, சிகிச்சைக் காலம், சிகிச்சை முடிந்து காத்திருக்கும் காலம், நிலைபெற்ற காலம் என்று மூன்று கட்டமாக நடப்பது என்று எழுதினார். பல குடும்பங்களில் நோயாளி மூன்றாவது கட்டத்துக்குப் போனபின்பும் தாய் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறார். அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப் போய், மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். நெஞ்சில் புற்றுநோய்க் கட்டிக்குச் சிகிச்சை பெற்ற யுவராஜ் சிங், 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் மறுபடி இந்தியாவுக்காக ஆடியதை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கவும் கூடும்.

ஒருவேளை அங்கே இருக்கும்போது கழுத்தில் மறுபடி கட்டி தட்டுப்பட்டால், இரவில் சட்டை நனைய வியர்த்தால், காரணமில்லாமல் காய்ச்சலும் எடைக்குறைவும் வந்தால், ஒப்பந்தம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கேயே ஸ்கேனும் பயாப்ஸியும் எடுத்துக்கொண்டு, சிகிச்சையை எங்கே செய்வது என்பதை உங்கள் பழைய மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். திரும்பி வந்த நோய்க்கும் வழி இருக்கிறது: வேறு கீமோ கொடுத்து, உங்கள் ரத்தத்திலிருந்தே எடுத்துவைத்த, புது ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லைத் திரும்ப உங்களுக்கே ஏற்றுவதன் மூலம் பலர் குணமடைகிறார்கள், ப்ரென்டுக்ஸிமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதற்கு மேலும் வழி திறந்திருக்கின்றன. இவை மாதக்கணக்கில் நீளும் வைத்தியம், துணைக்கு ஆள் வேண்டும். ஆகவே ஊருக்குத் திரும்பிச் செய்துகொள்வதே பெரும்பாலானவர்களுக்கு நல்லது. அதற்கான பணத்தை, ஆறு மாதச் சம்பளமாவது, வீடு கட்டும் கணக்கிலும் தங்கையின் கல்யாணக் கணக்கிலும் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு எக்கோ, ஒரு டி.எஸ்.எச்., நுரையீரல் செயல்திறன் பரிசோதனை ஆகியவற்றை இங்கேயே எடுத்துவிடுங்கள். பிற்காலத்தில் எடுப்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்க இவையே அடிப்படை அளவாக இருக்கும். ஆண்டு விடுமுறையில் வரும்போது செக்கப்பை முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால், அறிக்கை வருவதற்குள் விமானம் ஏற வேண்டியிருக்கும்.